லடாக்கை உயரத்தாலும் கடிகாரத்தாலும் அளந்து பாருங்கள்: முதல்முறை செல்பவர்களுக்கு

லே நகரிலிருந்து கார்துங் லா கணவாய்க்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவார். அந்த 40 கிலோமீட்டருக்குள் சாலை ஏறத்தாழ 1,850 மீட்டர் மேலே ஏறுகிறது. 3,500 மீட்டரில் கிளம்பியவர் 5,359 மீட்டரில் நிற்கிறார். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கிலோமீட்டர் கணக்கு இதில் எதையும் சொல்வதில்லை.

லடாக்குக்கு முதல்முறை கிளம்புகிறவர்களிடம் நான் எப்போதும் வலியுறுத்துவது இதைத்தான்: தூரத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உயரத்தையும் நேரத்தையும் பாருங்கள். எந்த உயரத்தில் தூங்குகிறோம், எந்த நேரத்தில் எந்த ஓடையைக் கடக்கிறோம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு அந்த நிலம் எப்படி அமைந்திருக்கிறது, அங்கே மழையும் வெயிலும் எப்படி நடந்துகொள்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: ஒரு தாளில் நான்கு கோடுகள்

கைப்பேசி வரைபடத்தைத் திறப்பதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலையை நோக்கி நான்கு சாய்ந்த கோடுகளை இணையாக வரையுங்கள். கீழிருந்து மேலாக அவை பெரிய இமயமலைத் தொடர், ஜான்ஸ்கர் தொடர், லடாக் தொடர், காரகோரம். நான்கும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுபவை. லடாக்கின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இனி ஆறுகள். ஜான்ஸ்கர் தொடருக்கும் லடாக் தொடருக்கும் நடுவில் சிந்து. திபெத்தில் கயிலை மலைக்கு அருகில் பிறந்து, லேயைத் தாண்டி வடமேற்காகப் போகிறது. லடாக் தொடருக்கும் காரகோரத்துக்கும் நடுவில் ஷியோக். முதலில் தென்கிழக்காக வந்து, திடீரென்று திரும்பி வடமேற்காகப் போகும் விசித்திரமான ஆறு இது. சியாச்சின் பனியாற்றிலிருந்து வரும் நூப்ரா இதோடு சேர்கிறது. மூன்றாவது ஜான்ஸ்கர் ஆறு. மற்றவை மலைகளுக்கு இணையாக ஓடும்போது, இது தன் பெயர் கொண்ட மலைத்தொடரையே குறுக்கே அறுத்துக்கொண்டு வந்து நிம்மு என்ற ஊரருகே சிந்துவில் விழுகிறது. சாலையிலிருந்து குனிந்து பார்த்தால் இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும். வலது கீழ் மூலையில் ஆறுகள் மெலிந்து, மலைகள் அகன்று, ஏரிகள் நிறைந்த மேட்டுநிலம் தொடங்குகிறது. அதுதான் சங்தாங், பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சங்பா மக்களின் நிலம்.

இப்போது உங்கள் பயணத் திட்டத்தில் உள்ள ஊர்களை இந்தத் தாளில் புள்ளிகளாக வையுங்கள். ஒரு கோட்டைத் தாண்டும் இடத்தில் எல்லாம் ஒரு கணவாய் இருக்கும். அங்கெல்லாம் பெயர் 'லா' என்று முடியும், ஏரிப் பெயர்களில் 'சோ' இருக்கும். ஸ்ரீநகரிலிருந்து வந்தால் சோஜி லாவில் இமயத்தையும், ஃபோட்டு லாவில் ஜான்ஸ்கர் தொடரையும் தாண்டுவீர்கள். லேயிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்குக்குக் கார்துங் லா, பாங்கோங் ஏரிக்குச் சங் லா. இரண்டுமே லடாக் தொடரைத் தாண்டுபவை. ஒரே நாளில் இரண்டு கோடுகளைத் தாண்டும் திட்டம் உங்கள் தாளில் இருந்தால் அந்த நாளைப் பிரித்துவிடுங்கள்.

படி 2: மழை ஏன் இல்லை, வந்தால் ஏன் ஆபத்து

தென்மேற்குப் பருவமழை வால்பாறையை நனைத்துத் தள்ளும் அதே மாதங்களில், மலைக்குக் கிழக்கே பல்லடமும் தாராபுரமும் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு காய்ந்து கிடக்கும். அதே கதையை மூன்று மடங்கு உயரமான சுவரோடு நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் வரும் ஈரம் இமயத்தின் தென்சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. லேவுக்கு ஓராண்டில் கிடைப்பது சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை நாளில் இதைவிட அதிகம் பெய்துவிடும்.

இந்த எல்லையை நேரில் பார்க்க விரும்பினால் ஸ்ரீநகர் வழியாகச் செல்லுங்கள். சோன்மார்க்கில் பசுமை, தேவதாரு வகை மரங்கள், புல்வெளி. சோஜி லா சுமார் 3,500 மீட்டர்தான். ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் மரங்கள் நின்றுவிடும். டிராஸ் பகுதியில் புல் இருக்கும். கார்கில் வரும்போது ஆற்றோரம் தவிர எங்கும் பாறையும் மண்ணும்தான். சில மணி நேரப் பயணத்தில் பருவமழை நாட்டிலிருந்து பாலைக்கு வந்துவிடுகிறோம். இவ்வளவு தெளிவாக ஒரு மழைமறைவை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

குளிர்காலப் பனி தெற்கிலிருந்து வருவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றுச் சுழல்கள் அதைக் கொண்டுவருகின்றன. அவை மேற்கிலிருந்து வருவதால் சோஜி லா, டிராஸ், ஜான்ஸ்கர் பக்கம் பனி குவிகிறது. கிழக்கே போகப் போகக் குறைகிறது. பிப்ரவரியில் லே தெருக்களில் பனி இல்லாமல் புழுதி பறப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

மழை குறைவு என்பதை மழைக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது தலைகீழ். அங்கே சரிவுகளில் மரமோ புல்லோ வேரோ இல்லை. தளர்ந்த கல்லும் மண்ணும் சும்மா சாய்ந்து நிற்கின்றன. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் அவை சேறாகி ஓடையில் இறங்கிவிடும். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேயிலும் பக்கத்து ஊர்களிலும் நடந்தது அதுதான். மேகவெடிப்பால் வந்த சேற்று வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோக்லாம்சர் பகுதி பெரும் சேதம் கண்டது. எனவே ஜூலை பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் செல்பவர்கள் கூடாரத்தையோ வண்டியையோ காய்ந்த ஓடைப் படுகையில் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மேலே கருமேகம் தெரிந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், ஓடை வாயை விட்டு மேட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

படி 3: தூங்கும் உயரங்களை எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் சாலையில் போய் நிற்கக்கூடிய மிக உயரமான இடங்களில் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே விமான நிலையமே 3,256 மீட்டர். டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடப்படும் உடலுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதேதான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றே குறைவு. உடல் மூச்சை ஆழமாக்கியும், பின்னர் இரத்தத்தை மாற்றியும் இதைச் சமாளிக்கும். அதற்கு நாட்கள் வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. திட்டத்தில் ஒவ்வொரு இரவுக்கும் எதிரே தூங்கும் ஊரின் உயரத்தை எழுதுங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் இறங்கிவிடுகிறோம். இரவு முழுக்க இருக்கும் உயரம்தான் உடலைச் சோதிக்கிறது. மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குங்கள்.

விமானத்தில் வந்தால் முதல் இரண்டு நாட்கள் லேயில் சும்மா இருங்கள். சும்மா என்றால் படியேறி அரண்மனை பார்ப்பதும் இல்லை. தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள், மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன் அவசியம் ஆலோசிக்க வேண்டும்.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுதல் எல்லாம் பலருக்கும் வரும். அவை இருக்கும்வரை மேலே போகாதீர்கள். ஆனால் இரண்டு அறிகுறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பும் இருமலும். இது நுரையீரலில் நீர் கோக்கும் நிலை. மற்றொன்று, தடுமாற்றம்; ஒரு நேர்கோட்டில் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. லேயின் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு இத்தகைய நோயாளிகளைப் பார்த்துப் பழக்கம் உண்டு. நோயாளி 'எனக்கு ஒன்றும் இல்லை, காலையில் பார்ப்போம்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். குழப்பமும் நோயின் ஒரு பகுதி.

அழுத்தம் குறைவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிரிக்காத சிப்ஸ் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கணவாய் ஏறுங்கள். அது உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும். கணவாயின் உச்சியில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வைத்தால், லே வந்து சேரும்போது அது நசுங்கியிருக்கும். அரிசி வேக அதிக நேரம் ஆவதற்கும் இதே காரணம்தான்; லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது.

மணாலி வழியாகச் சாலையில் செல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் முதல் நாளே சர்ச்சுவரை போய்விடுவது எளிதாகிவிட்டது. மணாலி சுமார் 2,000 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. ஒரே நாளில் இந்த ஏற்றம் ஏறிக் கூடாரத்தில் படுப்பது ஆபத்தான காரியம். வழியில் உள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள்.

படி 4: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். ஜூலையில் லேயின் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியும் இரவு 10 டிகிரியை ஒட்டியும் இருக்கும். என் விருப்பம் செப்டம்பர்: வானம் தெளிவு, ஓடைகள் அடங்கியிருக்கும், அறுவடை நடக்கும், பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். ஏப்ரலில், லேவுக்கு மேற்கே சிந்துவோரம் தாழ்வாக உள்ள ஷாம் பகுதியில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும். ஆனால் மணாலிச் சாலை அப்போது பெரும்பாலும் பனியில் மூடியிருக்கும். குளிர்காலத்தில் லேவுக்கு விமானம் உண்டு. இரவில் மைனஸ் 15-க்கும் கீழே இறங்கும், குழாய்கள் உறைந்துபோகும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

படி 5: ஒரு நாளை எப்படிப் படிப்பது

ஈரமில்லாத மெல்லிய காற்று வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே வெயிலில் நிற்பதும் நிழலில் நிற்பதும் இரண்டு வேறு ஊர்களில் நிற்பது போன்ற அனுபவம். மேகம் சூரியனை மறைத்த மறுகணம் சட்டைக்குள் குளிர் நுழையும். ஒரே கனத்த கோட்டுக்குப் பதிலாக மூன்று நான்கு மெல்லிய அடுக்குகளாக உடுத்துங்கள், கழற்றவும் போடவும் வசதி. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள், உதடும் மூக்கும் உரிந்துவிடும்.

அறை எடுக்கும்போது தெற்கு நோக்கிய அறையைக் கேளுங்கள். லே 34 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது; சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகும். லடாக் வீடுகளின் பெரிய சன்னல்கள் தெற்கே பார்ப்பதற்கும், மலையின் வடக்குச் சரிவில் மட்டும் பனி தங்கியிருப்பதற்கும் இதுவே காரணம். நடந்து செல்பவர்களுக்கும் இது உதவும்: அக்டோபரில் ஒரு பாதை வடக்குச் சரிவில் போகிறதென்றால் அங்கே பனிக்கட்டி இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் வெயிலேறிய சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கு வழியே மேலே இழுக்கப்படுகிறது. மதியத்துக்கு மேல் சிந்துப் பள்ளத்தாக்கிலும் நூப்ராவின் ஹுண்டர் மணல்மேடுகளிலும் புழுதிக்காற்று கிளம்பும். லேவுக்கான விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்துபோவதற்கு இந்தக் காற்றும், வெயில் ஏற ஏற இன்னும் மெலியும் காற்றடர்த்தியும் காரணங்கள்.

இனி ஓடைகள். இதை ஒருமுறை நின்று கவனித்தால் மறக்கமாட்டீர்கள். காலை 7 மணிக்குச் சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடை கணுக்காலளவு இருக்கும். நீர் தெளிந்து அடிக்கல் தெரியும். ஓரத்துக் கற்களில் மெல்லிய பனித்தகடு ஒட்டியிருக்கும். பிற்பகல் 3 மணிக்கு அதே ஓடை பழுப்பாகி, முழங்காலுக்கு மேல் ஏறி, அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். மழை ஒரு துளி பெய்திருக்காது. மேலே பனியாறு காலையிலிருந்து உருகிய நீர் அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. எனவே பாலம் இல்லாத ஓடைகள் உள்ள வழியில் விடியலில் கிளம்புங்கள். மாலையில் தண்ணீர் மிரட்டினால் திரும்பிப் போய்த் தங்கி, காலையில் கடங்கள். பனியாறு தொலைவில் இருந்தால் உச்சம் இரவில்தான் வரும். ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 'எந்த நேரத்தில் இறங்கும்' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படி 6: சாலையோரம் மண்ணைப் படியுங்கள்

லேயில் மாடியேறித் தெற்கே பாருங்கள். சிந்துவுக்கு அப்பால், ஸ்டோக் காங்ரி (6,153 மீட்டர்) பனியோடு நிற்கும் அந்த மலைகள் அடுக்கடுக்கான படிவுப் பாறைகள், மடங்கியும் நிமிர்ந்தும் இருப்பவை. திரும்பி வடக்கே பாருங்கள். இப்போது எதிரே இருப்பது வெளிர்சாம்பல் கிரானைட், உருண்டு திரண்ட பாறைகள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது. அதற்கு முன் இடையில் கிடந்த டெதிஸ் கடலின் அடித்தளம் ஆசியாவுக்கு அடியில் புதைந்து உருகி எழுந்ததால் உருவானது இந்தக் கிரானைட். சிந்து ஓடும் பள்ளத்தாக்கு அந்த இரண்டு நிலங்களும் தைக்கப்பட்ட இடத்தை ஒட்டியே போகிறது. மணாலிச் சாலையில் உள்ள உப்ஷியிலிருந்து மீரு பக்கம் திரும்பினால் ஊதாவும் பச்சையுமான பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்பதைக் காணலாம். ஆறு ஒரு காலத்தில் கிடையாகப் படிய வைத்த மணலும் கூழாங்கல்லும் அவை. ஓட்டுநரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலோர் அடுத்த கணவாயில் படம் எடுக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். பக்கவாட்டு ஓடை ஒன்று மலையிலிருந்து வெளியே வரும் வாயில், விசிறி போல் பரவிய வண்டல் மேட்டில்தான் பச்சைத் திட்டு இருக்கும். சிந்து ஆழத்தில் ஓடுவதால் அதன் நீரை மேலேற்ற முடியாது. பனி உருகிவரும் ஓடையை வாய்க்காலாக வெட்டி வாற்கோதுமைக்குப் பாய்ச்சுகிறார்கள். முறைவைத்து நீர் பங்கிட ஊரே ஒருவரை நியமிக்கும் வழக்கம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கும்போது ஓடை வறண்டிருக்கும் சிக்கலுக்காகத்தான் லடாக் பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்காலத்தில் நீரைத் தேக்கி உறைய வைக்கும் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார்; பின்னர் இன்னொரு லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக் கூம்பு வடிவப் பனி ஸ்தூபிகளைக் கட்டினார். இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கும் தண்ணீர் அது. விடுதியில் வாளிக் குளியல் போதும் என்று இருங்கள். உலர் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

லாமாயுருவில் மஞ்சள் மெழுகு உருகி வழிந்தது போன்ற குன்றுகள் தெரியும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரியின் அடிமண் அது. சங்தாங்கில் இன்னும் உயிரோடு இருக்கும் ஏரிகள் பலவற்றுக்கு வெளியேறும் வழி இல்லை. வரும் நீர் ஆவியாக மட்டுமே போவதால் உப்பு தங்கிவிடுகிறது. சோ கர் கரையில் வெள்ளைப் படலமாக அதைக் காணலாம். பாங்கோங் ஒரு காலத்தில் ஷியோக்கோடு இணைந்திருந்து, வழி அடைபட்டுத் தனித்துப்போனது. அதன் நீரைக் குடிக்க நம்பாதீர்கள், தண்ணீர் கொண்டுபோங்கள்.

படி 7: எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வையுங்கள்

இனி ஒரு மாதிரித் திட்டம். ஸ்ரீநகர் (1,585 மீட்டர்) ஓர் இரவு, கார்கில் (2,676) ஓர் இரவு. மறுநாள் ஃபோட்டு லாவைத் தாண்டி லாமாயுருவில் நின்று பாருங்கள். ஆனால் அங்கே தூங்காமல் இறங்கி அல்ச்சியில் (சுமார் 3,100) தூங்குங்கள். லே (3,500) இரண்டு இரவு. கார்துங் லா மேல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் நூப்ரா (சுமார் 3,100) இரண்டு இரவு. உயரம் குறைவதால் உடலுக்கு அது ஓய்வு. ஷியோக் வழியாக நேரே பாங்கோங் போகும் சாலை ஆசை காட்டும். ஒரே நாளில் 1,100 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஏறிவிடும் என்பதால் லேவுக்குத் திரும்பி ஓர் இரவு தங்குங்கள். பிறகு சங் லா தாண்டி டாங்ட்சேவில் (சுமார் 3,900) ஓர் இரவு, பாங்கோங்கில் (சுமார் 4,250) ஓர் இரவு. எல்லையோரப் பகுதிகளுக்கான அனுமதிச் சீட்டு விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் லேயிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால் சுஷுல், நியோமா வழியாகச் சோ மோரிரிக்கு (சுமார் 4,520) போகலாம்.

அங்கிருந்து சோ கர் வழியாக மணாலிச் சாலையைப் பிடித்தால் அன்றிரவு சர்ச்சு. இப்போது உங்கள் உடல் அந்த உயரத்துக்குப் பழகியிருக்கும். முந்தைய இரவைவிடத் தாழ்வாகவே தூங்குகிறீர்கள். மறுநாள் மட்டும் சோம்பல் வேண்டாம். பாரலாச்சா லாவின் இரு பக்கமும் சாலையைக் கடக்கும் ஓடைகள் மதியத்துக்குமேல் பெருகிவிடும் என்பதால், 6 மணிக்குள் வண்டி கிளம்பட்டும். கேலாங்கில் மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.